இடிந்தகரைப் பாசிகள் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மாணவர்களை இடிந்தகரைக்கு அழைத்து வந்து, பழுப்புக் கடற்பாசிகளை அவர்களே இனங்காணும்படி செய்யப் போவதாக எழுதியிருந்தாய். ஓய்வுபெற்ற பின் பாளையங்கோட்டைக்கும் உவரிக் கரைக்கும் அலைவதே எனக்கு வேலையாகிவிட்டதால், தெரிந்ததை எழுதுகிறேன்.

நிறத்தை நம்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. வெயிலில் வெளிறிய சிவப்புப் பாசியும் பழுப்பாகத் தோன்றும். பழுப்புப் பாசியான டிக்டியோட்டாவில் சில இனங்களோ நீருக்குள் நீலமாக மின்னும். விசிறி வடிவப் பாடினா வெண்மை பூத்திருப்பது சுண்ணாம்பினால். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். பழுப்புப் பாசிகளில் சுண்ணாம்பு படிவது மிக அரிது என்பதால், பாடினா என்று சொல்ல இதுவும் உள்ளே சுருண்ட விளிம்பும் போதும். பாடினாவில் எந்த இனம் என்பதற்குத்தான் பிளேடால் குறுக்கே வெட்டி, நுண்ணோக்கியில் செல் அடுக்குகளை எண்ண வேண்டும். விளிம்பருகே இரண்டு செல் அடுக்காக இருப்பது அடிப்பகுதியில் நான்காகக்கூடும். ஆகவே எங்கே வெட்டினோம் என்பதைக் குறிக்காத குறுக்குவெட்டினால் பயனில்லை.

பாசி எடுப்போர் பகோடா பாசி என்று சொல்லும் டர்பினேரியாவில் சிரமம் குறைவு. இலையின் அகன்ற நுனியில் ஓரப் பற்களுக்கு உள்ளே இன்னொரு வட்டம் முட்கள் இருந்தால் அது ஆர்னேட்டா என்ற இனம். ஓரப் பற்கள் மட்டும் என்றால் பெரும்பாலும் கோனாய்டஸ் என்ற இனம்.

கட்டக்கோரை எனும் சர்காசம்தான் நம்மைப் படுத்தும். ஒரே செடியில் கீழ் இலை அகன்றும் மேல் இலை குறுகியும் இருக்க, கரையில் ஒதுங்கிய கிளையை மட்டும் எடுத்துவரும் பையன் அதை வேறு இனமென்றே எழுதுவான். பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதி முதல் காற்றுப்பை வரை முழுச் செடியும் வேண்டும். இனப்பெருக்கச் சிறுகிளைகள் தோன்றாத செடியானால் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளச் சொல். சர்காசம் என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு மதிப்பெண் குறைக்காதே. வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தே இனப்பெயர் சொல்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள்.

அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி வந்தால் கடல் நன்றாக வற்றி, பாறைகள் வெளியே தெரியும். பாசியேறிய பாறை வழுக்கும். பிள்ளைகள் நல்ல செருப்போடு வரட்டும். நாள் முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்