துண்டுக்குள் சுருட்டி வைத்த வாட்ச்

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் என் கையிலிருந்த சீகோ வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழசு மாதிரி வேஷம் போட்ட புதுசு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அத்தையும் பிள்ளைகளும் இருந்ததால் அப்போது நான் எதுவும் பேசவில்லை. ஆனால் அந்தச் சொல் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எனக்கு இந்த வாட்ச் பித்தைக் கொடுத்ததே நீங்கள்தான். அதனால் பதிலும் உங்களுக்குத்தான்.

விலையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. வாங்கிய மறுநாளே இதன் மதிப்பு குறைந்திருக்கும். நான் இதை விற்பதற்காக வாங்கவில்லை, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

1965-இல் சீகோ வெளியிட்ட 62மாஸ்தான் ஜப்பானின் முதல் டைவர் வாட்ச், அதாவது கடலுக்குள் மூழ்குபவர்கள் கட்டுவது. 150 மீட்டர் ஆழம் தாங்கும் என்றார்கள். அன்டார்டிகா போன ஜப்பானிய ஆய்வுக் குழுவுக்கும் அதைக் கொடுத்தார்கள். 2017-இல் அதே முகத்தோடு 2,000 வாட்ச் மட்டும் செய்தார்கள். அந்த விலை நமக்கு எட்டாது. 2020-இல் அதே வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி, விலை குறைவாக ஒன்று வந்தது. அதுதான் என்னுடையது. சுமார் 37 மி.மீ. இருந்த அகலம் 40.5 ஆகியிருக்கிறது. பட்டையான முள், தடித்த மணிக்குறிகள், கண்ணுக்கு உறுத்தாத கேஸ் எல்லாம் அந்தக் காலத்து ஜாடைதான். உள்ளே ஓடும் இயந்திரமான மூவ்மென்ட் மட்டும் இந்தக் காலத்தது. கழற்றி வைத்தாலும் 70 மணி நேரம் நிற்காமல் ஓடும்.

இதை வேஷம் என்கிறீர்கள். எது வேஷம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தானே மாமா? எச்.எம்.டி. பைலட் வாட்ச் ஒன்றைப் பார்சலில் வரவழைத்தீர்களே, நினைவிருக்கிறதா? கறுப்பு டயல் கண்ணாடி போல மின்னியது. நான் துள்ளிக் குதித்தேன். நீங்கள் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினீர்கள். எழுத்துகளின் ஓரம் கசிந்திருந்தது, நிமிடக் கோடுகள் குறிகளோடு ஒட்டாமல் விலகி நின்றன. பழைய டயலைச் சுரண்டி, மேலே புதிதாக அச்சடித்திருந்தார்கள். விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. அன்று ராத்திரி நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

பெங்களூரில் சிட்டிசன் துணையோடு 1961-இல் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடுவது என்று 2016-இல் முடிவெடுத்த பிறகு, இப்படி டயலைப் புதிதாக அச்சடித்து விற்கும் ரீடயல் வியாபாரத்தில் அசலைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. கம்பெனி எந்தக் காலத்திலும் போடாத நிறத்தில் எல்லாம், நீங்கள் கட்டும் அதே எச்.எம்.டி. ஜனதா கிடைக்கிறது. பழசு என்று சொல்லிப் புதுசை விற்பது அதுதான். என் சீகோ தன் வயதை மறைக்கவில்லை.

உலக அளவில் இதைவிடப் பெரிய ஏமாற்று நடந்திருக்கிறது. சுவிஸ் கம்பெனியான ஒமேகாவின் 1957-ஆம் ஆண்டு மாடல் ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் ஒன்று 2021-இல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். அது அங்கிருந்தும் இங்கிருந்தும் பாகங்களைச் சேர்த்துக் கோத்தது என்றும், தன் முன்னாள் ஊழியர்களுக்கே அதில் பங்கு உண்டு என்றும் 2023-இல் ஒமேகாவே சொன்னது. செய்தவர்கள் வீட்டிலேயே ஏமாறும்போது, இப்போதுதான் கண் பழகும் என்னைப் போன்றவன் எதை நம்பிப் பழசில் பணத்தைப் போடுவான்?

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். 2017-இல் ஒமேகா தன் 1957-ஆம் ஆண்டு மாடல்கள் மூன்றை, பழைய வாட்ச்களை ஸ்கேன் செய்து அளவு பிசகாமல் திரும்பக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றிலும் 3,557. உழைப்பைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இருட்டில் ஒளிரும் பூச்சை மட்டும் பழுப்பேறிய நிறத்தில் பூசியிருந்தார்கள். அசலில் அந்தப் பழுப்பு ஏற எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! யாரோ ஒருவர் வெயிலிலும் வியர்வையிலும் கட்டித் திரிந்ததற்கான சாட்சி அது. அதை டப்பாவிலிருந்து எடுத்துப் பூசுவது எனக்கும் பிடிக்கவில்லை. வெள்ளையாகவே விட்டிருந்தால், வாங்கியவர் கையில் தானாகப் பழுத்திருக்கும்.

அதே ஒமேகா செய்த இன்னொரு வேலை மட்டும் உங்களுக்குப் பிடிக்கும். 1968 வாக்கில் கைவிட்ட 321 மூவ்மென்ட்டை 2019-இல் மறுபடி எடுத்தார்கள். நிலவில் நடந்த ஜீன் செர்னன் கட்டியிருந்த வாட்ச்சையே ஸ்கேன் செய்து பார்த்து, சக்கரம் சக்கரமாகத் திரும்பச் செய்தார்கள். ஒரு மூவ்மென்ட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள் கோக்கிறார். முகத்தோடு நிற்காமல் உள்ளேயும் போன மறுவெளியீடு அது. சாவி கொடுக்கும்போது விரலில் தெரியும் அந்த இழுப்புக்காகவே நீங்கள் ஜனதாவை விடாமல் கட்டுகிறீர்கள். இதன் அருமை உங்களுக்குத் தெரியும்.

அப்புறம், நம் கிணறு. எனக்கு நீச்சல் பழக்கிய நாளெல்லாம் குதிப்பதற்கு முன்னால் வாட்ச்சைக் கழற்றித் துண்டில் சுருட்டி, மோட்டார் கொட்டகைத் திண்ணையில் வைப்பீர்கள். தண்ணீருக்குள் இருக்கும்போதுகூட உங்கள் கண் அந்தத் துண்டின் மேலேயே இருக்கும். இன்றைக்கு அசல் 62மாஸ் ஒன்று கிடைத்தாலும் அதன் கதியும் அந்தத் துண்டுதான். அறுபது வயது ரப்பர் வளையத்தை நம்பி யார் அதைத் தண்ணீரில் இறக்குவார்கள்? கடலுக்கென்று பிறந்த வாட்ச் மழைக்குப் பயந்து அலமாரிக்குள் கிடக்கிறது. அது செய்த வேலையை இந்தப் புதுசு செய்கிறது. இதைக் கட்டிய பிறகுதான் அசலைக் கையில் வாங்கிப் பார்க்கும் ஆசை எனக்கு அதிகமானது.

பொங்கலுக்கு வருகிறேன் மாமா. உங்கள் ஜனதா திண்ணையில் துண்டுக்குள் பத்திரமாக இருக்கட்டும். என் சீகோவை உங்கள் கையில் கட்டிவிடுகிறேன், ஒரு தடவை கழற்றாமல் குதியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்