சர்வேயர்வாள், ஒரு யோசனை சொல்லும்

செங்கோட்டை,
பிப்ரவரி 2026

அன்புள்ள சர்வேயர்வாள்,

தீபாவளிக்குப் பிறகு எழுதவில்லை என்று திட்ட ஆரம்பிக்காதீர், நீரும்தான் எழுதவில்லை. இங்கே நானும் வீட்டுக்காரியும் சுகம். உம்ம சர்க்கரை எப்படி இருக்கிறது? மதினிக்கு முழங்கால் வலி தேவலையா? பாலக்காட்டில் வெயில் தொடங்கியிருக்கும், நடக்கப் போனால் தொப்பி போட்டுக்கொண்டு போம். விசாரிப்பு முடிந்தது.

இந்தக் கார் வாரண்டி விஷயத்தைப் போனில் கேட்டால், இன்ஷூரன்ஸ் சர்வேயர் பழக்கத்தில் நீர் பாதியிலேயே "எலி கேஸ் மாதிரியாவே?" என்று சிரிக்க ஆரம்பிப்பீர். நானும் சிரித்துத் தொலைப்பேன். கேட்க வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

துபாயில் இருக்கிற பெரியவன் வாங்கி நம் வாசலில் நிறுத்தியிருக்கிற ஜெர்மன் காருக்கு, கம்பெனி கொடுத்த இரண்டு வருஷ வாரண்டி மார்ச்சோடு முடிகிறது. அதை நீட்டித்து வாங்கச் சொல்லி திருவனந்தபுரத்து சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பிள்ளை வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். "அங்கிள், மார்ச் கழிஞ்ஞால் பின்னே கிட்டில்லா" என்று அவ்வளவு பரிவாகச் சொல்கிறாள், கேட்டால் உமக்கே மனசு இளகும். செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் பிறந்திருந்தால் நாமும் திருவிதாங்கூர்க்காரர்கள்தானே. தாத்தா பத்திரப் பதிவுக்குப் போன திசையிலேயே பேரன் கார் சர்வீஸுக்குப் போகிறது. ஆரியங்காவு, தென்மலை வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம், பாதிக்கு மேல் மலையும் வளைவும்.

ஒரு வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கேட்கிறார்கள். இரண்டு வருஷம் சேர்த்து வாங்கினால் இரண்டு லட்சத்து அறுபதாயிரம். 18 சதவீத ஜிஎஸ்டி அதில் அடக்கம். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து காலத்தைக் கழித்தவனுக்கு இந்தத் தொகையைக் கேட்டதும் தலை சுற்றாமல் என்ன செய்யும்? "யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுவானா?" என்கிறாள் வீட்டுக்காரி. யானையை வாங்கினது நானா?

நான் பாட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். அதற்குள் மரக்கடைக்காரர் கதை நடந்துவிட்டது. உம்ம கல்யாணத்தில் பாயச அண்டாவுக்குள் மூக்குக் கண்ணாடியை விட்டாரே, அவர்தான். அவரிடமும் இதே கம்பெனி வண்டி, நம்முடையதைவிட ஒரு வருஷம் பழசு. வாரண்டி முடிந்தபோது நீட்டிக்கவில்லை. தை மாதம் ஒருநாள் காலையில் புளியரையிலிருந்து கூப்பிட்டு, வந்து பாரும் என்றார். போனேன். வண்டி முன்பக்கம் வலது மூலையில் படுத்துக் கிடக்கிறது. அங்கே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையவில்லை, மற்ற மூன்று மூலைகளிலும் கை முழுசாகப் போகிறது. அவர் ஸ்டார்ட் செய்தார். அடியில் ஒரு மோட்டார் கர்ரென்று ஓட, மூலை கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி மட்டமாக நின்றது. பரவாயில்லையே என்று எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தால் மறுபடி படுத்துவிட்டது.

ஏர் சஸ்பென்ஷனாம். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் பை, அதற்குள் காற்று. ரப்பரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், ராத்திரி முழுக்கக் காற்று கசியும். காலையில் அதை நிரப்ப கம்ப்ரஸர் ஓடும். மறுபடி கசியும், மறுபடி ஓடும். அதிக நேரம் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட மோட்டார் இல்லை அது, சூடேறி ஒருநாள் கருகிவிடும். மரக்கடைக்காரர் "காலையில் தானா எழும்பிருதே" என்று பல நாள் அப்படியே ஓட்டியிருக்கிறார். கடைசியில் கம்ப்ரஸரும் போய்விட்டது. லாரியில் ஏற்றி திருவனந்தபுரம் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுவது நல்லது என்று சொல்லி இரண்டையும் மாற்றி, கம்ப்ரஸரும் போட்டு, மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக பில் போட்டிருக்கிறார்கள். மனுஷன் பில்லைப் பர்ஸிலேயே வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடம் எல்லாம் நீட்டுகிறார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன் போய் நம் வண்டியின் நான்கு மூலையிலும் விரல் விட்டுப் பார்க்கிறேன். பால்காரன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

சரி, காகிதத்தைப் படிப்போம் என்று அந்தப் பிள்ளையிடம் வாரண்டிப் பத்திரத்தை அனுப்பச் சொன்னேன். பொடி எழுத்து படிப்பதில் நமக்குப் பழக்கம் உண்டே. எஞ்சின், கியர்பாக்ஸ், டர்போ, ஏசி கம்ப்ரஸர், நடுவில் இருக்கிற பெரிய திரை, அதற்கு மூளையாக இருக்கிற பெட்டிகள், ஏர் சஸ்பென்ஷன் எல்லாம் உண்டு என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். அப்புறம்தான் 'கிடையாது' ஆரம்பிக்கிறது. பிரேக் பேட், டயர், வைப்பர், பேட்டரி, பல்பு கிடையாது. அது நியாயம், தேய்கிற சாமான்கள். குழியில் விழுந்து உடைந்தால் கிடையாது. தண்ணீர் புகுந்தால் கிடையாது, எலி கடித்தால் கிடையாது. சர்வீஸ் தேதி தப்பினாலோ வெளி மெக்கானிக் கை வைத்தாலோ எதுவுமே கிடையாது.

நம் ஊரில் காருக்கு என்ன வரும், சொல்லும் பார்ப்போம். வயல் அறுப்பு முடிந்தால் எலி வரும், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வரும், மலைப் பாதையில் குழி வரும். மூன்றும் இவன் கணக்கில் இல்லை, உம்ம இன்ஷூரன்ஸ் கணக்கில்தான் வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் நனைந்த வண்டிகளை ஆவலில் ஸ்டார்ட் செய்து எஞ்சினைப் போக்கிக்கொண்டவர்களைப் பற்றி நீர்தான் எனக்குப் பாடம் நடத்தினீர். அதனால் எஞ்சின் புரொடெக்‌ஷனும் தேய்மானம் கழிக்காமல் பாகத்துக்குப் பணம் தருகிற ஜீரோ டெப்ரிசியேஷனும் இன்ஷூரன்ஸ் பாலிசியில் விடாமல் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் கவலை இல்லை.

என்னைக் குடைவது ஒரே ஒரு வரி. சஸ்பென்ஷன் உண்டு என்று சொன்ன அதே பத்திரத்தில், ஐந்தாறு பக்கம் தள்ளி, 'ரப்பர் பாகங்கள், புஷ், ஹோஸ் ஆகியவற்றின் இயல்பான தேய்மானத்துக்குப் பொறுப்பில்லை' என்று ஒரு வரி கிடக்கிறது. ஏர் சஸ்பென்ஷனில் முதலில் போவதே அந்த ரப்பர் பைதானே! வெடித்த பையைக் கொண்டுபோய் நீட்டினால் அதை சஸ்பென்ஷன் என்பானா, ரப்பர் என்பானா? பையை ரப்பர் என்று தள்ளிவிட்டால், கசிவோடு ஓட்டியதால்தான் கம்ப்ரஸர் கருகியது, அது உம்ம அஜாக்கிரதை என்று அதையும் தள்ளலாம். நீர் ஆயுசு முழுக்க இப்படித் தள்ளுகிற பக்கத்தில் உட்கார்ந்தவர். நீரே சொல்லும்.

அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "எல்லாம் கவர் ஆகும் அங்கிள்" என்றாள். சந்தோஷம் அம்மா, இதையே மெயிலில் ஒரு வரி எழுதி அனுப்பு என்றேன். அன்றிலிருந்து போன் வருவது குறைந்திருக்கிறது.

வழக்கு என்று வந்தால் வழி இருக்கிறது, அதையும் பார்த்து வைத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த வயதில் ஒரு ரப்பர் பைக்காக நான் கூண்டில் ஏறி நிற்க வேண்டுமா?

வண்டி ஓடுவதே இல்லையே, அதற்கு எதற்கு வாரண்டி என்று மச்சினன் கேட்கிறான். நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். தென்காசிக்கு ஒரு கல்யாணம், குற்றாலத்துக்கு யாராவது விருந்தாளி, அவ்வளவுதான் ஓட்டம். ஆனால் ரப்பர் கிலோமீட்டர் பார்த்தா வெடிக்கிறது? வெயிலும் வயசும் போதும். இன்னொன்று, இது பிஎஸ்6 டீசல், அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்தால் அதை எரித்துத் தீர்க்க வண்டி நல்ல வேகத்தில் இருபது நிமிஷமாவது விடாமல் ஓட வேண்டும். தென்காசி போகிற எட்டு கிலோமீட்டரில், பஸ்ஸும் மாடும் மினிலாரியும் தாண்டி எந்த வேகத்தில் போவது? அந்த வடிகட்டிக்கான எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்ததும் நான் புனலூர் வரை சும்மா போய் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்புகிறேன். வழியில் இருக்கிற கழுதுருட்டி பதிமூன்று கண் ரயில் பாலத்தை ரிட்டயர் ஆன பிறகுதான் இத்தனை தடவை பார்க்கிறேன். அடைப்பு ஓட்டுகிற விதத்தால் வந்தது என்றால் அதற்கும் வாரண்டி கிடையாது, தெரியுமா?

கணக்கு என்று பார்த்தால் எனக்குத் தெரியாதா, கம்பெனிக்காரன் நஷ்டத்துக்கா விற்பான்? நூறு பேரிடம் வாங்கி, பழுது வந்த சிலருக்குக் கொடுத்து, நடுவில் டீலருக்கும் ஒரு பங்கு தள்ளி, மீதியைத் தான் வைத்துக்கொள்வான். அந்தப் பணத்தை டைம் டெபாசிட்டில் போட்டுவிட்டு வருவதை நாமே பார்த்துக்கொள்வோம் என்பதுதான் சரியான கணக்கு. கையில் தாராளமாகப் பணம் புரள்கிறவனுக்கு.

இங்கேதான் வே, உம்மிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மதினியிடம் படித்துக் காட்டாதீர், சாயங்காலத்துக்குள் இங்கே வந்து சேர்ந்துவிடும்.

பெரியவன் கம்பெனியை இன்னொரு கம்பெனியோடு சேர்க்கிறார்களாம். ஆட்களைக் குறைப்பார்கள் என்று பொங்கலுக்குப் பேசியபோது சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் எப்போது சிரித்துக்கொண்டே பேசுவான் என்று எனக்குத் தெரியும். ப்ளஸ் டூவில் கணக்கில் குறைந்தபோதும் அப்படித்தான் சொன்னான். கார் லோன் இன்னும் மூன்று வருஷம் பாக்கி. வாரண்டி விஷயத்தை அவனிடம் சொன்னால் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் துபாயிலிருந்தே கட்டிவிடுவான். அதனால்தான் சொல்லவில்லை. வேலை போய் வண்டியை விற்க வேண்டி வந்தால் இப்போது நல்ல விலையும் போகாது. நாம் வாங்கியபோது 28 சதவீத ஜிஎஸ்டி, மேலே 22 சதவீத செஸ் என்கிற கூடுதல் வரி. போன செப்டம்பர் 22 முதல் செஸ் போய் மொத்தமே 40 சதவீதம்தான். புது வண்டி விலை இறங்கினால் பழசை எவன் பழைய விலைக்கு எடுப்பான்? அப்படி விற்கிற நாளில், அடுத்த கைக்கு மாற்றக்கூடிய வாரண்டி இருந்தால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். கசிகிற பையோடு நின்றால் அவ்வளவுதான்.

அதனால் என் பணத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு மட்டும் வாங்குவதாக இருக்கிறேன். இரண்டு வருஷம் மலிவு என்பது புரிகிறது. ஆனால் இரண்டாவது வருஷம் இந்த வண்டி நம் வாசலில் நிற்குமா என்பதே தெரியாதபோது அதற்கும் சேர்த்து ஏன் கொட்ட வேண்டும்? மூன்று லட்சம் பில் திடீரென்று வந்தால் அவனிடம் கேட்காமல் என்னால் கட்ட முடியாது. ஒன்று நாற்பதை முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவேன்.

உமக்கு வேலை இதுதான். பத்திரத்தை வாட்ஸப்பில் அனுப்புகிறேன். அந்த ரப்பர் வரியைப் படித்து, ஷோரூமிடம் எந்த வாசகத்தில் எழுதி வாங்கினால் நாளைக்கு மறுக்க முடியாது என்று நீரே இரண்டு வரி எழுதி அனுப்பும். மறுக்கிற ஆளுக்குத்தானே ஓட்டை தெரியும். ஒரு தடவைக்கு இவ்வளவுதான் கொடுப்போம் என்று உச்சவரம்பு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாரும், என் கண்ணுக்குப் படவில்லை. இது கார் கம்பெனியே கொடுக்கிற வாரண்டியா, டீலர் சொந்தமாக விற்கிறதா என்பதையும் கையெழுத்துப் போட்டிருக்கிற பெயரை வைத்துச் சொல்லும். டீலர் கடையை மூடிவிட்டுப் போனால் நான் யார் சட்டையைப் பிடிப்பது? மார்ச் இருபதுக்குள் பதில் வேண்டும். வாரண்டி உயிரோடு இருக்கும்போதே பணம் கட்டினால்தான் உண்டு, ஒருநாள் தள்ளினாலும் இன்ஸ்பெக்‌ஷன் அது இது என்பார்கள்.

மற்றபடி ஹெட்மாஸ்டர் மகனுக்குக் கல்யாணம், வைகாசியில், பத்திரிகை உமக்கும் வரும். மதினியையும் கூட்டிக்கொண்டு வாரும், பிரானூர் பார்டர் பரோட்டா நானாச்சு. சர்க்கரையைப் பற்றி அன்றைக்கு ஒருநாள் பேச வேண்டாம். பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் நேரே இங்கே இறங்கலாம், என்ன, கெட்ட ராத்திரியில் இறக்கிவிடுவான். ஸ்டேஷனுக்குப் பெரிய கார் வரும் என்று கனவு காணாதீர். அந்த நேரத்தில் ஆட்டோதான்.

இப்படிக்கு,
உம்ம கடைசி பெஞ்சு