எடுத்த 11 பெஞ்சுகளைத் திரும்பப் போடுங்கள்: பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தாவரவியல் பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

கோடையில் பாதையை அகலப்படுத்தியபோது எடுத்த பெஞ்சுகளைத் திரும்பப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இதே விஷயமாக ஏற்கெனவே மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் "தங்கள் ஆலோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. நான் அனுப்பியது ஆலோசனை இல்லை, கோரிக்கை. அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

வாசலிலிருந்து தாமரைக் குளம் வரைக்கும் 11 பெஞ்சுகள் இருந்தன. எனக்கு அவற்றின் இடம் ஒவ்வொன்றும் மனப்பாடம். ஏனென்றால் என் அம்மாவின் நடை அவற்றை வைத்துத்தான். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். கைத்தடி உண்டு. ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு வரை நடப்பார், உட்கார்வார், மூச்சு சீரானதும் "சரி, வா" என்று எழுந்திருப்பார். அப்படியே முக்கால் மணி நேரத்தில் குளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஐந்து வருடமாக, மாதத்துக்கு இரண்டு முறை, இப்படித்தான். ஆண்டுச் சீட்டை ஒரு தடவைகூடப் புதுப்பிக்காமல் விட்டதில்லை. அந்த 11 பெஞ்சுகளும் போய், இப்போது இருப்பவை வேறு இரண்டே பெஞ்சுகள். இரண்டும் சீட்டு வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில், ஒரு செடிகூடக் கண்ணில் படாத இடத்தில்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் பதிவேட்டில் அது இருக்காது. யாரும் விழவில்லை, யாருக்கும் காயம் இல்லை.

நிறம் மாறும் செம்பருத்தி பூக்கத் தொடங்கிய வாரம் அது. காலையில் வெள்ளையாக விரியும், மதியத்துக்குள் இளஞ்சிவப்பு ஏறும், சாயங்காலம் நன்றாகச் சிவந்து சுருங்கிவிடும். புதுப் பூ வந்து பழைய பூவின் இடத்தில் உட்கார்வதில்லை. அதே பூ, அதே இதழ், வெயில் ஏற ஏற உள்ளே சாயம் ஊறுகிறது. இது என்ன மாயம் என்று முதல் வருடம் அம்மா என்னிடம் நான்கு முறை கேட்டார். அந்தச் செடிக்கு எதிரே ஒரு பெஞ்சு இருந்தது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணி வரை நகரமாட்டார். ஒரு பூவைக் குறித்து வைத்துக்கொண்டு, அது எந்த நிமிடத்தில் மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பார். கண்டுபிடிக்க முடியாது. மாறுவது தெரியாது, மாறியது மட்டும்தான் தெரியும். அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த வருடம் அங்கே பெஞ்சு இல்லை. வாசலிலிருந்து அங்கே வரை வழியிலும் எதுவும் இல்லை. எப்படியோ என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கால் நடுங்கியது. பாத்தியைச் சுற்றிக் கல் விளிம்பு இருக்கிறதல்லவா, ஒரு சாண் உயரம், அதில் மெல்ல உட்கார வைத்தேன். உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விசில் சத்தம். காவலர் தூரத்திலிருந்து கையை வீசி எழுந்திருக்கச் சொல்கிறார். அம்மா பதறிப்போய் எழ முயன்றார். அவ்வளவு தாழ்வான கல்லிலிருந்து அவரால் எழ முடியாது. கைத்தடி ஜல்லியில் வழுக்கியது. ஒரு கையைப் பாத்தி மண்ணில் ஊன்றினார், இன்னொரு கையால் என்னைப் பிடித்தார். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நின்றதும் உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் புடவையில் துடைக்காமல், விரல்களை விரித்தபடி வைத்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றார். பூ அப்போது பாதிதான் சிவந்திருந்தது.

அதற்கப்புறம் அவர் பூங்காவுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்கிறார். அது முழங்கால் வலி இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கல் விளிம்பில் யாரும் உட்காரக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. பக்கத்தில் வந்து பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது, மன்னிப்பும் கேட்டார். இன்னொன்றும் கவனித்தேன். நாள் முழுக்க நிற்கிற அவருக்கும் உட்கார ஒரு நாற்காலி இல்லை. பெஞ்சு கேட்கும்போது அவருக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

பேட்டரி வண்டி இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. கூட்டம் அதிகமான சீசன் வாரங்களில், வார இறுதியில் மட்டும். ஏறினால் ஒரு சுற்று, இறங்கினால் மறுபடி வாசல். நடுவில் நிறுத்தமாட்டார்கள். தாமரைக் குளத்தை அது கடக்கும் நேரத்துக்குள் எந்தப் பூ திறந்திருக்கிறது, எது மூடத் தொடங்கியிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? ஒரு தாமரை காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் கூம்பி, மறுநாள் மறுபடி விரியும். இப்படி மூன்று நாள்போல இருந்துவிட்டு இதழை உதிர்த்துவிடும். விரிந்திருக்கும் நாட்களில், வெளியே குளிர்ந்தாலும் அது தன் உள்வெப்பத்தை 30 முதல் 36 டிகிரி வரை தானே வைத்துக்கொள்கிறது. இது உங்கள் பழைய பெயர்ப்பலகையில் படித்ததுதான். நான் அதை உரக்கப் படித்தபோது, "அப்ப கையை வெச்சுப் பார்த்தா சூடா இருக்குமா?" என்று கேட்டு, குளத்துக்கு நடுவே இருந்த பூவையே அம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி, உட்கார இடம் இருந்ததால் வந்த கேள்வி.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, பூக்களுக்கு நேரம் உண்டு. 1751இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும், எப்போது மூடும் என்று வரிசைப்படுத்தி ஒரு பூக்கடிகாரமே எழுதி வைத்தார். அந்திமந்தாரை பிற்பகல் நான்கு மணி சுமாருக்குத்தான் கண் திறக்கும். வசந்தத்தில் டியூலிப்பைப் பாருங்கள். காலைக் குளிரில் மொட்டுப்போல மூடிக் கிடக்கும், வெயில் பட்டதும் அகன்று விரியும், குளிர் திரும்பினால் மறுபடி மூடிக்கொள்ளும். இதழின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வெவ்வேறு வெப்பத்தில் வெவ்வேறு வேகத்தில் வளர்வதால் அப்படி. டியூலிப் பாத்திக்கு எதிரே இருந்ததுதான் மூன்றாவது பெஞ்சு. அங்கே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, வெயில் ஒவ்வொரு வரிசையாக நகர்ந்து வருவதையும், அது தொட்ட வரிசை மட்டும் திறப்பதையும் பார்த்திருக்கிறோம். நடந்துகொண்டே பார்ப்பவருக்கு அது ஒரு சிவப்புப் பாத்தி, அவ்வளவுதான்.

அதற்குப் பக்கத்துப் பாத்தியில் டாஃபோடில். பூ முடிந்த பிறகு இலை மஞ்சளாகிச் சாய்ந்து கிடக்கும். பார்க்க நன்றாக இருக்காது. இதை ஏன் வெட்டவில்லை என்று அம்மா உங்கள் தோட்டக்காரர் ஒருவரிடம் கேட்டார். அவர் வேலையை நிறுத்திவிட்டு வந்து, குறைந்தது ஆறு வாரம் இலையைத் தொடக் கூடாது, அது சேர்த்துக் கொடுக்கிற உணவில்தான் கிழங்கு அடுத்த வருடப் பூவை உண்டாக்குகிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து அம்மா பூ முடிந்தும் அந்தப் பாத்தியைப் பார்க்க வருவார். வாடிய இலையைக் காட்டி, "வேலை செய்யுது பார்" என்பார். உங்கள் பூங்காவில் இப்படிப்பட்ட தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு ஆற்றாமை கூடுகிறது.

ஏனென்றால் எட்டாவது பெஞ்சு இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். படம் எடுப்பதற்காக இதய வடிவத்தில் ஓர் இரும்பு வளைவு. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூ. ஆயிரக்கணக்கான செடிகளை வளர்க்கத் தெரிந்தவர்கள், ஒரு கொடியை ஏற்றிவிடத் தெரிந்தவர்கள், அங்கே பிளாஸ்டிக்கைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். படம் எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் எடுப்பவன்தான். ஆனால் உட்காரும் இடத்தைப் பிடுங்கித்தான் அதை வைக்க வேண்டுமா?

இரவு விளக்குகளையும் சொல்லிவிடுகிறேன். சாமந்தி இரவு நீண்டால்தான் மொட்டு கட்டும் செடி. நாளின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதி 1920லேயே வெளியிட்டுவிட்டார்கள். நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே செடி அதை நீண்ட இரவாக எடுத்துக்கொள்ளாது. பூப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் வளர்ப்பவர்கள் செய்வதே இரவில் விளக்குப் போடுவதுதான். நீங்கள் அலங்கார விளக்குகளைச் சாமந்திப் பாத்தியின் தலைக்கு மேலேயே விடிய விடிய எரிய விட்டீர்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். நிழலில் இருந்த கடைசி வரிசைகள் பூத்துக் குலுங்குகின்றன. விளக்குக் கம்பத்தை ஒட்டிய செடிகளில் வெறும் இலை. யாராவது அதைப் பார்த்தார்களா? பெயர்ப்பலகைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. பழையது உடைந்தால் புதிதாக வருவது ஒரு சதுரக் கட்டம், கைபேசியால் அதைப் படிக்க வேண்டுமாம். அம்மாவிடம் அப்படிப்பட்ட கைபேசி இல்லை.

மன்னிக்கவும். கேட்க வந்தது பெஞ்சு. அதற்கே வருகிறேன்.

பாதை அகலமாக இருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. செர்ரி பூக்கும் பத்து நாளில் அங்கே எவ்வளவு நெரிசல் என்று பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் வழி வேண்டும். ஆனால் பெஞ்சுகள் பாதை நடுவிலா இருந்தன? ஓரத்தில், புல்லுக்குள் தள்ளித்தான் இருந்தன. அகலப்படுத்தியதும் இன்னும் இரண்டடி தள்ளிப் போட்டால் முடிந்தது. கெட்டியான தரை, சாய்ந்துகொள்ள முதுகு, ஊன்றி எழுந்திருக்க இரு பக்கமும் கைப்பிடி. கைப்பிடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முழங்கால் போனவர்களுக்கு உட்கார்வதைவிட எழுவதுதான் பாடு. ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் நடக்கத் தைரியம் வரும். பழைய பெஞ்சுகள் உங்கள் கிடங்குக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடப்பதை வேலி வழியாகப் பார்த்தேன். நான்கில் மட்டும் பலகை விரிசல் விட்டிருக்கிறது. மற்றவை நன்றாகவே இருக்கின்றன.

11 பெஞ்சுகளும் ஒரே நாளில் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதலில் ஒன்றைப் போடுங்கள். குளிர்கால வாசல் வழியாக வந்தால் சிறிது தூரத்தில் கமேலியா மரங்கள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனவே, அங்கே. ஒன்றில் பூ ஒவ்வோர் இதழாக உதிரும். இன்னொன்றில் பூ முழுசாக, காம்பிலிருந்து கழன்று, தரையில் நிமிர்ந்தபடி விழும். குளிர் நாளில் வேறு சத்தமே இல்லாதபோது அது விழுகிற சத்தம் கேட்கும். அம்மா அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விழுந்ததும் கண்ணைத் திறந்து எது என்று தேடுவார். இரண்டு மரத்திலும் இப்போது மொட்டு வைத்திருக்கிறது. இன்னும் சில வாரங்களில் பூக்கத் தொடங்கிவிடும்.

அதற்குள் அந்த ஒரு பெஞ்சையாவது கொண்டுவந்து போடுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். போட்டதும் ஒரு வரி பதில் எழுதுங்கள். இந்த மடலைப் பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெஞ்சு வந்த பிறகு, அங்கே கூட்டிப்போய்த்தான் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆண்டுச் சீட்டு வைத்திருக்கும் ஒரு பார்வையாளர்