மறுநாளே பேசிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் காது அறுவை சிகிச்சைகள் பற்றி வந்த கட்டுரையில், "காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய மறுநாளே குழந்தை அம்மா என்று அழைக்கும்" என்று ஒரு வரி. உட்காதில் மின்முனைகளைப் பொருத்தி, வெளியே மாட்டும் கருவி வழியாக ஒலியை நரம்புக்குக் கொடுக்கும் சிகிச்சை அது. என் பேரனுக்கும் அதுதான் செய்திருக்கிறது. அச்சில் வந்துவிட்டால் வேதவாக்கு அல்லவா? மேல்மாடிக்காரம்மா பேப்பரும் கையுமாக இறங்கி வந்து என் மருமகளிடம், "ஆபரேஷன் ஆகி இவ்ளோ நாளாச்சே, இன்னும் ஏன் பேச்சு வரல? டாக்டர்கிட்ட சரியாக் கேட்டியாம்மா?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். அன்று இரவு மருமகள் சாப்பிடவில்லை.

நீங்கள் அறியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். மறுநாள் குழந்தையின் தலையில் கட்டுதான் இருக்கும். காயம் ஆறி, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் வெளிக்கருவியை மாட்டி ஸ்விட்ச் ஆன் செய்வார்கள். என் பேரன் அன்று அம்மா என்று அழைக்கவில்லை. வீறிட்டு அழுது கருவியைப் பிடுங்கி எறிந்தான். அதன்பிறகு மேப்பிங். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் கேட்கும், எவ்வளவுக்கு மேல் தாங்காது என்று ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பார்த்துப் பார்த்து ஏற்றுவார். அதோடு பேச்சுப் பயிற்சி, வருஷக் கணக்கில்.

தினமும் காலையில் மருமகள் கையால் வாயை மறைத்துக்கொண்டு (உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான், கெட்டிக்காரன்) ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலி சொல்வாள். காதில் விழுந்தால் அவன் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட வேண்டும். 'ஸ்' சில நாள் தவறும். தவறினால் நாங்கள் முதலில் பார்ப்பது வயரைத்தான். சென்னை வியர்வைக்கு அது எத்தனை நாள் தாங்கும்? ராத்திரி கருவியை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்தாலும் அதே கதைதான்.

1978இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் டாக்டர் கிரேம் கிளார்க் இந்தக் கருவியை ஒருவருக்குப் பொருத்தியதைக் கட்டுரையாளர் பெருமையாக எழுதியிருக்கிறார். அந்த நோயாளி விபத்தில் செவித்திறன் இழந்த பெரியவர். பேச்சு என்றால் என்னவென்று அறிந்தவர். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு 'அம்மா'வும் பிரஷர் குக்கர் விசிலும் ஒன்றுதான். எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். எனக்கும் ஒரு காதில் ஸ்டேப்பிஸ் ஆபரேஷன் ஆனது. இறுகிப்போன குட்டி எலும்புக்குப் பதில் பிஸ்டன் வைத்தார்கள். காதில் அடைத்ததை எடுத்ததுமே மின்விசிறிச் சத்தம் கேட்டது. அதையும் இதையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பினால் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

கட்டுரைக்கு நேர் கீழே, 'ஆபரேஷன் இன்றிக் காது கேட்கும்' தைல விளம்பரம். சவ்வில் ஓட்டை உள்ள காதில் எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்று மேலே எழுதிய டாக்டரையே கேட்டிருக்கலாமே. விளம்பர வருமானம் உங்கள் பாடு, நான் தலையிடவில்லை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. எங்கள் பேரனுக்கும் அப்படித்தான் நடந்தது, அந்த நன்றியை நாங்கள் மறக்க மாட்டோம். பிரமுகர்கள் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படம் உங்கள் முதல் பக்கத்தில் வரும். பிறகு வயர் அறுந்து, தலையில் ஒட்டிக்கொள்ளும் காயில் (கம்பிச்சுருள்) கெட்டு, ஆயிரக்கணக்கில் கைக்காசு போட்டு வாங்கும் தாய்மார்களின் படம் எந்தப் பக்கத்தில் வரும்?

அவனுக்குக் காது கேட்கவில்லை என்பதே எங்களுக்கு ஒன்றரை வயதில்தான் தெரிந்தது. பிறந்த ஆஸ்பத்திரியிலேயே ஓஏஇ என்ற செவித்திறன் சோதனை செய்திருந்தால் சில நிமிடத்தில் தெரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. இதைப் பற்றி முன்பு நான் எழுதிய நீளமான கடிதத்தை இரண்டு வரியாக்கி, சாலைப் பள்ளம் பற்றிய கடிதத்துக்குக் கீழே போட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கும் நன்றி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'மறுநாளே' என்றது தவறு, ஸ்விட்ச் ஆன் ஆகவே வாரங்கள் ஆகும், பேச்சு வரப் பயிற்சி வேண்டும் என்று ஒரு திருத்தம் போடுங்கள். அதையும் அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்தளவில். மேல்மாடிக்காரம்மா மூலையில் பொடி எழுத்தில் வருவதைப் படிப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
பெரம்பூர், சென்னை.