மூங்கில் ஸ்கீ: வாங்கும் முன் பலகையின் முனையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனியில் சறுக்கும் பலகையான ஸ்கீயை வீட்டிலேயே செய்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அதன் உள்ளே இருக்கும் நடுக்கட்டைக்கு ஏதாவது ஒரு மூங்கில் பலகை போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மூங்கில் போதும் என்பது சரி. 'ஏதாவது' என்பதுதான் சரியில்லை. மூங்கில் என்ற பெயரில் விற்கும் பலகைகளில் பல இந்த வேலைக்கு உதவாது. எபாக்ஸி என்ற பிசின் பசையை ஊற்றி அழுத்திய பிறகு அது தெரிந்தால், கட்டையோடு கண்ணாடி இழைத் துணி, எஃகு விளிம்பு, அடித்தகடு எல்லாம் சேர்ந்தே குப்பைக்குப் போகும்.

முதலில் எடைக் கணக்கு. மூங்கில் கனமில்லாதது என்று பரவலாக ஒரு நினைப்பு உண்டு. கழி உள்ளே கூடாக இருப்பதால் கையில் லேசாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒட்டிய மூங்கில் பலகையின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 700 கிலோ. நடுக்கட்டைக்குப் பயன்படும் லேசான மரமான பாப்லர் 430 அளவில் நிற்கும். 1.7 மீட்டர் நீளம், சராசரி 10 செ.மீ. அகலம், சராசரி 7 மி.மீ. கனம் உள்ள நடுக்கட்டையை முழுக்க மூங்கிலில் செய்தால் 830 கிராம், பாப்லரில் 510 கிராம். ஒரு ஜோடிக்கு 640 கிராம் வித்தியாசம். பாதிக்குப் பாதி கலந்தால் ஒரு கட்டை 670 கிராமில் அடங்கும். வாங்க வேண்டிய மூங்கிலும் பாதியாகும். முழு மூங்கிலை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஸ்கீக்கென்றே தயாரித்து விற்கும் மூங்கில் கட்டைக்கு விலை ஏறுவது மரத்தால் அல்ல. அறுப்புக் கூலியும், நீளமான பொட்டலத்தை அனுப்பும் செலவும்தான் காரணம். அதே மோசோ இன மூங்கில் பட்டிகளை ஒட்டிய தரைப்பலகை எங்கும் கிடைக்கிறது. ஒரு தளத்துக்குப் போட்டு மிஞ்சிய பெட்டி, நிறுத்தப்பட்ட நிறத்தின் கடைசி இருப்பு, மூலை நசுங்கித் திரும்பி வந்த பெட்டி: இவற்றைத் தரைப்பலகை விற்பவர்கள் இடத்தைக் காலி செய்யவே தள்ளிவிடுவார்கள். மூங்கில் பிளைவுட்டில் அலமாரி செய்பவர்களிடம் ஓரத்தில் கழித்த நீளத் துண்டுகளும் கிடைக்கும். ஆனால் பிளைவுட்டில் நடு அடுக்கு குறுக்காக ஓடினால் வேண்டாம். ஸ்கீ வளையும் திசையில் அந்த அடுக்கு கிட்டத்தட்ட சும்மா கிடக்கிறது. எடை மட்டும் மிச்சம்.

கடையில் பலகையின் மேல்முகத்தைப் பார்த்துப் பயனில்லை. முனையைப் பாருங்கள். புத்தகங்களை அலமாரியில் நிறுத்தியதுபோல் பட்டிகள் நெட்டுக்குத்தாக நின்றால் அதுவே முதல் தேர்வு. பட்டிகள் படுக்கையாக இரண்டு மூன்று அடுக்குகளில் கிடந்தாலும் பயன்படுத்தலாம். அதற்கான வழி கீழே இருக்கிறது. மேலே சில மில்லிமீட்டர் மட்டும் மூங்கில், அடியில் பழுப்பு நிற மரத்தூள் அட்டை என்றால் பேசாமல் வைத்துவிடுங்கள். முனையில் பட்டியே தெரியாமல் நார்கள் கசங்கிப் பின்னியதுபோல் இருந்தால், அது நாரைப் பிசினில் தோய்த்து அழுத்திய வகை. கன மீட்டருக்கு 1,100 கிலோவை ஒட்டி இருக்கும். மேலே சொன்ன அதே கட்டை இதில் 1.3 கிலோ வரும். பிசின் ஊறிப்போனதால் எபாக்ஸியும் அதில் நன்றாகப் பிடிப்பதில்லை.

நிறமும் முக்கியம். தேன் நிறமோ காப்பி நிறமோ பெரும்பாலும் சாயம் அல்ல. நீராவியில் வேகவைத்துக் கருக்கியது. அதில் உறுதி குறைகிறது. வெளிர் மஞ்சளையே கேளுங்கள். பல பெட்டிகளில் பலகை 96 செ.மீ. தான் இருக்கும், அது பயன்படாது. 1.8 மீட்டருக்கு மேல் உள்ள பெட்டியைத் தேட வேண்டும். நீளப் பலகையிலும் பட்டிகள் நடுவில் முட்டி ஒட்டப்பட்டிருக்கலாம், பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். அந்த ஒட்டுகளோ கணுக்களோ ஒரே கோட்டில் வந்தால் ஸ்கீ முறிய இடம் தேட வேண்டியதில்லை.

அறுக்கும் கணக்கு இது. 15 மி.மீ. கனம், 96 மி.மீ. அகலப் பலகையில், ஒன்றோடொன்று கோப்பதற்காக ஓரங்களில் உள்ள நாக்கையும் காடியையும் சீவினால் சுமார் 86 மி.மீ. மிஞ்சும். ரம்பம் 3 மி.மீ. தின்னும். 14 மி.மீ. ரீப்பர் ஐந்து கிடைக்கும். அதே அளவு பாப்லர் ரீப்பர் ஐந்து சேர்த்து மாற்றி மாற்றி ஒட்டினால் 140 மி.மீ. அகலக் கட்டை. அதாவது ஒரு ஸ்கீக்கு ஒரு பலகை, ஜோடிக்கு இரண்டு, சோதனைக்கு ஒன்று கூடுதல். மொத்தம் மூன்றே பலகை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ரீப்பரை அறுத்ததும் 90 பாகை திருப்பி வைக்க வேண்டும் என்று எல்லா வகைக்கும் ஒரே யோசனை சுற்றுகிறது. படுக்கை அடுக்குப் பலகைக்கு மட்டுமே அது பொருந்தும். திருப்பினால் ஒட்டுக்கோடுகள் நெட்டுக்குத்தாகிவிடும். நெட்டுக்குத்துப் பலகையைத் திருப்பினால் கோடுகள் படுத்துவிடும். பிறகு கட்டையை முனைக்கு 2 மி.மீ. வரை சரித்து இழைக்கும்போது ஒட்டுக்கோடு மேற்பரப்பில் மெல்லிய நாக்காக வெளிவந்து செதில் செதிலாக உரியும்.

திருப்பும் ரீப்பரில் இன்னொரு சங்கதி. பலகையின் வார்னிஷ் பூசிய முகமும், அடியில் வரிவரியாகப் பள்ளம் போட்ட முகமும் இப்போது பசை ஏறும் முகங்களாகிவிடும். இரண்டையும் சுத்தமாக இழைத்தாக வேண்டும். வார்னிஷில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு கலந்திருக்கும். அது இழைப்பு பிளேடின் கூர்மையைச் சட்டென்று தின்றுவிடும். முதலில் 40 ஆம் எண் உப்புத்தாளால் எடுத்துவிட்டுப் பிறகு மெஷினில் விடுங்கள். மூங்கிலிலேயே சிலிக்கா இருப்பதால் ரம்பத்துக்குக் கார்பைட் பல் வேண்டும். ஒரு தடவைக்கு அரை மி.மீ.க்கு மேல் இழைத்தால் கணு பெயர்ந்து குழி விழும். தூசி மிக நுண்மையானது, முகமூடி கட்டாயம். திருப்பாத ரீப்பரில் வார்னிஷுக்கு 1, பள்ளத்துக்கு 2 என்று இழைத்தால் உயரம் 12 மி.மீ.தான் மிஞ்சும். காலடியில் நடுக்கட்டையின் கனம் 11 மி.மீ. வரை செல்லும் ஸ்கீக்குத் தாங்கும், அதற்கு மேல் திட்டமிட்டிருந்தால் தாங்காது. ஆகவே பள்ளத்தின் ஆழத்தை வாங்கும் இடத்திலேயே அளந்துவிடுங்கள்.

மூன்றாவது பலகை எதற்கு என்றால் இதற்கு: இரண்டு தாங்கிகளை 60 செ.மீ. இடைவெளியில் வைத்து, 15 மி.மீ. அகலம், 13 மி.மீ. உயரம் உள்ள ரீப்பரின் நடுவில் 5 கிலோ தொங்கவிடுங்கள். 7, 8 மி.மீ. தாழ்ந்தால் நல்ல சரக்கு. 10 ஐத் தாண்டினால் இளம் மூங்கிலாகவோ கருக்கியதாகவோ இருக்கும். இன்னொரு துண்டை 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள். பட்டிகள் பிரிந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம். ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதிகமிருந்தால், சூடான அழுத்தியில் ஈரம் ஆவியாகி எபாக்ஸியில் குமிழ் விடும். ரீப்பர் ஒட்ட வெள்ளைப் பசை போதும் என்பார்கள். 80 பாகை சூட்டில் அழுத்துவதாக இருந்தால் அது இளகும், எபாக்ஸியே மேல்.

முழு மூங்கில் கழியை வாங்கி நீங்களே பிளப்பது விலையில் இன்னும் மலிவு. ஆனால் மேல்தோலில் பசை ஒட்டாது, அதைச் சீவ வேண்டும்; உட்புறச் சோற்றையும் எடுக்க வேண்டும்; மாவுச்சத்துக்கு வண்டு வராமல் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும்; பிறகு காயவைக்க வேண்டும். 4 ஆண்டுகூட முதிராமல் வெட்டிய கழி என்றால் காயும்போதே சுருங்கி முறுக்கிக்கொள்ளும். நேரத்துக்கு விலை போடாதவர்களுக்கே இது கட்டுபடியாகும்.

கடைசியாக ஒரு திருத்தம் கேட்கிறோம். காலணியை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கின் திருகுக்குக் கட்டுரையில் 3.6 மி.மீ. துளை மட்டும் சொல்லியிருந்தது. அது பாப்லர் போன்ற மிருதுவான மரத்துக்கு. மூங்கில் ரீப்பர் மேல் திருகு விழும் இடத்தில் அந்தத் துளை இறுகி, நார் வாக்கில் பிளக்கக்கூடும். மிஞ்சிய துண்டில் 3.6, 4.1 இரண்டையும் 9 மி.மீ. ஆழத்துக்குப் போட்டு, மரை வெட்டித் திருகைப் பூட்டிப் பார்த்து, பிளக்காத அளவை எடுத்துக்கொள்ளுமாறு அடுத்த இதழில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஸ்கீ கட்டும் வாசகர்கள் சிலர்