மாடு வேலியை மேய்கிறது

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

எங்கள் பகுதியில் கால்நடைத் தீவனத்துக்குப் பொறுப்பாக இருக்கும் உங்களுக்கு, திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் நாலு மாடு வைத்திருப்பவன் எழுதுவது.

இந்த ஆனியில் நீங்கள் அனுப்பிய சீஓ-3 என்ற தீவனப் புல்லின் தண்டுகள் கிடைத்தன, நன்றி. நல்ல புல்தான், தண்ணீர் இருந்தால். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், கிணற்றின் அடி தெரிகிறபோது நட்டோம். பன்னிரண்டாம் நாள் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். வேரில்லாமல் கையோடு வந்தது. அடுப்பெரிக்க உதவியது.

நாங்கள் கேட்டது ஸ்டைலோவும் கௌபியும், புரதம் தரும் அவரையினத் தீவனப் பயிர்களின் விதை. அதுவும் மாரிக்கு முன்னர். இரண்டு தடவை விண்ணப்பம் தந்தது உங்களுக்கும் தெரியும். போன வருடம் விதை தையில் வந்தது, மழை விடுகிற நேரம். இம்முறை விதைக்குப் பதில் தண்டு.

சிறுபோகம் அறுக்கும்வரை வயலுக்குள் மாடு இறங்கக் கூடாது. சரி, நியாயம். மிஞ்சுவது வைக்கோல். அதில் புரதம் நூற்றுக்கு நாலு பங்கு தேறினால் அதிகம். வயிறு நிறையும், மடி நிறையாது. மூன்று போத்தல் கறந்த சிவலை இப்போது ஒன்றுக்கு இறங்கிவிட்டது. போன கிழமை விடிய எழும்பிப் பார்த்தால், கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் கிளிசறியா மர வேலியில் முன்னங்காலைத் தூக்கி வைத்தபடி நிற்கிறது. வாய்க்கு எட்டிய உயரம்வரை ஓர் இலை இல்லை. முள்ளுக்கம்பி கீறிக் காலில் இரத்தம். வேலி பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறோம். எங்கள் ஊரில் மாடு வேலியை மேய்கிறது. கிளிசறியாவும் அவரைக் குடும்பம்தானே. தனக்கு என்ன தேவையென்று அது விண்ணப்பம் நிரப்பாமலே கண்டுபிடித்துவிட்டது.

மாரியோடு விதைத்தால் ஸ்டைலோ வேரை ஆழமாக இறக்கி, மழை போன பிறகும் பச்சை பிடித்து நிற்கும். யூரியாவும் கேட்காது, வேர்முடிச்சிலுள்ள பக்டீரியா காற்றிலிருந்தே நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும். விதைத்தோல் கடினம், வெந்நீரில் போட்டெடுத்து விதைக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் பயிற்சியில் படித்ததுதான். பதாகை, பனிஸ், குழுப்படம், லமினேட் செய்த சான்றிதழ், ஒன்றிலும் குறையில்லை. விதை மட்டும் இல்லை. சான்றிதழை மாடு தின்னாது.

2021இல் அரசாங்கம் திடீரென்று இரசாயன உரத்தை நிறுத்தி, இயற்கைக்குத் திரும்பச் சொன்னது. நைதரசனைச் சும்மா தருகிற பயிரின் விதையைக் கொடுக்க அப்போதும் யாருக்கும் தோன்றவில்லை. சரி, அது உங்கள் மேசைக்கு மேலே உள்ளவர்களின் விடயம். கோபத்தில் வழி மாறிவிட்டேன், மன்னிக்கவும்.

கேட்பது இதுதான்: புரட்டாதி முடியுமுன் ஸ்டைலோ விதை. கால் ஏக்கருக்கு ஒரு கிலோ போதும். விலைக்கென்றாலும் வாங்கிக்கொள்கிறோம். தையில்தான் வருமென்றால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அடுத்த மாரிவரை எலி விட்டுவைக்காது.

இப்படிக்கு,
ஈச்சிலம்பற்றுப் பால் பண்ணையாளர் ஒருவர்