ஹெவிவெயிட் பட்டத்தின் நான்கு காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலகக் குத்துச்சண்டைச் சங்கம், உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில், சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு, உலகக் குத்துச்சண்டை அமைப்பு ஆகிய நான்கின் தலைவர்களுக்கு,

வணக்கம்.

பனாமா, மெக்சிகோ, நியூ ஜெர்சி, போர்ட்டோ ரிக்கோ என்று நான்கு திசைகளில் இருந்துகொண்டு, ஹெவிவெயிட் என்ற மிக அதிக எடைப் பிரிவுக்கு ஆளுக்கொரு உலகப் பட்டம் தருகிறீர்கள். நான் எழுதுவது திருப்பூரிலிருந்து. பகலில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்கிறேன். லண்டனிலும் ரியாத்திலும் சனிக்கிழமை இரவு நீங்கள் நடத்தும் சண்டைகளை நாங்கள் ஞாயிறு விடியலுக்கு முன் எழுந்து கைப்பேசியில் பார்க்கிறோம். பார்த்து முடித்ததும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கேட்பார்: “ஏனுங்கண்ணா, இவ்வளவு பெரிய வீரர்கள் எல்லாம் தங்களுக்குச் சமமான ஆளைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறார்களா?”

பயம் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்வதில்லை. தொண்ணூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் முழு பலத்தோடு விடும் குத்தை வாங்கத் துணிந்து ரிங்கில் ஏறுகிறவரைக் கோழை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் ஒதுங்குவது நடக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அதற்கான காரணங்களைத் தேடிப் போனால் அவற்றில் பாதி உங்கள் மேசையில் வந்து நிற்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதம் வீரர்களுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

பழைய கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஜேக் டெம்ப்சி 1919 முதல் 1926 வரை சாம்பியன். அந்தக் காலம் முழுவதும் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரர் வாய்ப்புக் கேட்டுக் காத்திருந்தார். 1925இல் ஒப்பந்தம்கூடக் கையெழுத்தானது, சண்டை நடக்கவில்லை. குறுக்கே நின்றது நிறவெறி. அதற்கு முன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சனும், 1908இல் பட்டம் கைக்கு வந்த பிறகு, தன் இனத்தைச் சேர்ந்த சாம் லாங்ஃபோர்டுக்கு ஒரு முறைகூட வாய்ப்புத் தரவில்லை. வெள்ளை வீரர்களோடு மோதினால் அரங்கம் நிரம்பும், லாங்ஃபோர்டோடு மோதினால் ஆபத்துதான் மிச்சம் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை. ஆபத்து அதிகம், வருமானம் குறைவு என்றால் அந்த எதிரியை யாரும் சீண்டுவதில்லை.

அப்போது இன்றைய வடிவில் நீங்கள் இல்லை. நீங்கள் வந்த பிறகு நடந்ததைப் பேசுவோம்.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கனடாவுக்காக ஆடிய லெனாக்ஸ் லூயிஸ், அமெரிக்காவின் ரிடிக் போவை இரண்டாவது ரவுண்டிலேயே நிறுத்தினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1992 நவம்பரில், போவ் எவாண்டர் ஹோலிஃபீல்டை வென்று, அன்றைய முக்கியப் பட்டங்கள் எல்லாம் கையில் உள்ள மறுக்க முடியாத சாம்பியன் ஆனார். அடுத்து லூயிஸோடு மோத வேண்டும் என்றது கவுன்சில். போவ் என்ன செய்தார்? டிசம்பரில் லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் கவுன்சிலின் பச்சை பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். பட்டம் சண்டையில்லாமல் லூயிஸ் வீட்டுக்குப் போனது. அதன் பிறகு இருவரும் தொழில்முறைக் களத்தில் சந்திக்கவே இல்லை. தொண்ணூறுகளின் இரண்டு பெரிய ஹெவிவெயிட்கள், இருவருக்கும் இளமை, இருவருக்கும் பலம். அந்தச் சண்டையை யாரும் பார்க்கவில்லை. இதில் போவும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் குற்றவாளிகள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சியோலில் அவர்கள் மோதிய அந்த ஒரே ஒரு முறை, மோதியே ஆக வேண்டும் என்று அட்டவணை சொன்னது.

எங்கள் ஊர்களில் அட்டவணை எப்படிப் போடப்படுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஈரோட்டில் ஒரு பள்ளி மைதானம். காலை ஏழு மணிக்குப் பனியனைக் கழற்றிவிட்டு வரிசையாக எடை இயந்திரத்தில் ஏறி இறங்குவார்கள் பிள்ளைகள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் உதடு வெடித்த பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். எடை முடிந்ததும் சீட்டுக் குலுக்கி, அட்டவணையைச் சுவரில் ஒட்டுவார்கள். யார் பெயருக்கு எதிரே யார் பெயர் என்று விரலை வைத்துத் தேடுவார்கள். கோபி பக்கத்திலிருந்து முதல் முறையாக வந்த ஒரு பையனுக்கு முதல் சுற்றிலேயே மாநில அளவில் பதக்கம் வாங்கியவன் எதிரியாக வந்துவிட்டான். பையனின் அப்பா நடுவர் மேசைக்குப் போய், “வேறு யாரோடாவது போட முடியுங்களா?” என்று கேட்டார். முடியாதுங்க என்றார்கள். பையன் தோற்றான், மூன்று ரவுண்டும் நின்றுதான் தோற்றான். இறங்கி வரும்போது அவன் முகத்தில் வெட்கம் இல்லை.

பதினைந்து வயதுப் பையனுக்கு இல்லாத சலுகையை உலகச் சாம்பியனுக்கு நீங்கள் ஏன் தருகிறீர்கள்?

சலுகை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1996இல் மைக் டைசன் தன்னோடு மோத வேண்டிய லூயிஸுக்கு நாற்பது லட்சம் டாலர் கொடுத்து ஒதுங்கி நிற்க வைத்தது எல்லோருக்கும் தெரியும். டைசன் வேறொருவரோடு மோதினார், பிறகு கவுன்சில் பட்டத்தையும் விட்டுவிட்டார். லூயிஸும் டைசனும் கடைசியில் மோதியது 2002 ஜூனில், மெம்ஃபிஸில். அப்போது லூயிஸுக்கு வயது 36, டைசனுக்கு 36 ஆக இன்னும் சில வாரங்கள். எட்டாவது ரவுண்டில் டைசன் விழுந்து கிடந்ததைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் இருக்கலாம். எனக்கு அது ஆறு ஆண்டுகள் தாமதமாக வந்த பார்சல். ஒதுங்கி நிற்கக் காசு கொடுப்பதும் வாங்குவதும் உங்கள் விதிகளின் கீழ் குற்றம் இல்லை.

நீங்கள் பதில் சொல்வீர்கள்: “அதற்குத்தானே கட்டாயப் போட்டியாளர் என்ற விதியை வைத்திருக்கிறோம். குறிப்பிட்ட காலத்துக்குள் எங்கள் பட்டியலில் முதலில் நிற்பவரோடு மோதாவிட்டால் பட்டத்தைப் பறிக்கிறோமே!” காகிதத்தில் நல்ல விதிதான். சாம்பியன் ஆண்டுக்கணக்கில் எளிய எதிரிகளைத் தேடிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் நான்கு அமைப்பு, நான்கு பட்டியல், நான்கு வெவ்வேறு முதல் ஆள் என்று ஆனபோது இந்த விதியே சாம்பியன்களைப் பிரித்து வைக்கத் தொடங்கிவிட்டது.

2015 நவம்பரில் டைசன் ஃபியூரி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டம் வைத்திருந்த விளாடிமிர் கிளிட்ச்கோவை அவருடைய கோட்டையான ஜெர்மனியிலேயே வென்றார். அதைவிடக் கடினமான எதிரி அன்று உலகத்தில் இல்லை. இரண்டே வாரத்தில் கூட்டமைப்பு தன் பட்டத்தை அவரிடமிருந்து பறித்தது. ஒப்பந்தப்படி கிளிட்ச்கோவுடன் மறுபோட்டி இருந்ததால், வியாசெஸ்லாவ் கிளாஸ்கோவுடன் மோத முடியாது என்பதுதான் காரணம். காலியான பட்டத்துக்கு 2016 ஜனவரியில் கிளாஸ்கோவும் சார்லஸ் மார்ட்டினும் மோதினார்கள்; மூன்றாவது ரவுண்டில் கிளாஸ்கோவின் முழங்கால் பிசகியது, மார்ட்டின் உலகச் சாம்பியன். ஏப்ரலில் ஆண்டனி ஜோஷுவா அவரை இரண்டே ரவுண்டில் முடித்தார். கிளிட்ச்கோவை வீழ்த்தி வாங்கிய பட்டம் ஐந்து மாதத்துக்குள் எந்தக் கைகளுக்கெல்லாம் போய் வந்தது என்று பாருங்கள்.

2018இல் ஜோஷுவாவிடம் மூன்று பட்டம், டியான்டே வைல்டரிடம் ஒன்று. இருவரும் தோல்வியே காணாதவர்கள். வைல்டர் தரப்பு ஐந்து கோடி டாலர் தருவதாகச் சொன்னது. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. இடையில் சங்கம், அலெக்சாண்டர் போவெட்கினோடு மோது என்று ஜோஷுவாவுக்குக் கெடு வைத்தது. அவரும் மோதினார். அடுத்த ஆண்டு ஆண்டி ரூயிஸிடம் ஜோஷுவா தோற்றார், அதற்கடுத்த ஆண்டு ஃபியூரியிடம் வைல்டர் தோற்றார். இருவரையும் சேர்த்துவைக்க மறுபடி ஒரு முயற்சி நடந்தபோது, 2023 டிசம்பரில் ரியாத்தில் ஒரே இரவில் இருவரும் தனித்தனி எதிரிகளோடு ஆடினார்கள். வைல்டர் ஜோசப் பார்க்கரிடம் தோற்றார். அத்தோடு அந்த முயற்சியும் போனது. இங்கே யார் யாரைத் தவிர்த்தார்கள் என்று மணிக்கணக்கில் வாதாடலாம். சண்டைகளை ஏற்பாடு செய்யும் இரு தரப்பு புரமோட்டர்களும், ஒளிபரப்பு நிறுவனங்களும் தங்கள் பங்குக்குக் கெடுத்தார்கள். அவர்களை நான் விடுவிக்கவில்லை. ஆனாலும் போவெட்கினுக்குக் காட்டிய கண்டிப்பில் கால் பங்கை வைல்டருக்காகக் காட்டியிருந்தால் அந்தச் சண்டை நடந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட மனம் கசந்தது 2024இல். மே 18 அன்று ஒலெக்சாண்டர் உசிக், ஃபியூரியை வென்று நான்கு பட்டங்களையும் ஒன்றுசேர்த்தார். நான்கு பட்டக் காலத்தில் ஹெவிவெயிட்டில் அதைச் செய்த முதல் ஆள் அவர். எங்கள் நேரத்துக்கு விடிவதற்குள் முடிந்த சண்டை. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிறுகளில் மோதித் தள்ளாடியபோது என் வீட்டில் குழுமியிருந்த பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்தது. அடுத்த மாதமே அந்த நான்கில் ஒன்று போனது. ஃபியூரியுடன் மறுபோட்டி இருந்ததால் கூட்டமைப்பின் பட்டத்தை உசிக் விட வேண்டியதாயிற்று. அது யாருக்குப் போனது? டேனியல் டுபுவாவுக்கு. முந்தின ஆகஸ்டில், போலந்தில், இதே உசிக்கிடம் ஒன்பதாவது ரவுண்டில் தோற்றவர் டுபுவா. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் உசிக் அவரை ஐந்தாவது ரவுண்டில் மறுபடி வீழ்த்தி, தன் பொருளைத் தானே மீட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

கடினமான எதிரியைத் தேடிப் போகிறவருக்குத் தண்டனை, பக்கத்தில் காத்திருப்பவருக்குப் பட்டம். இப்படி இருந்தால் ஒரு வீரரின் மேலாளர் என்ன புத்தி சொல்வார்? காத்திரு என்றுதான் சொல்வார். அதைக் கேட்டு நடக்கும் வீரரைக் கோழை என்று திட்டுகிறது உலகம்.

இந்தச் சூழலிலும் தேடிப் போனவர்கள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்தபோது நேரில் பார்த்த பெரியவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றும் உட்கார மாட்டார்கள். 1973 மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்தார். தாடை கூடி ஆறு மாதம்கூட முழுதாக ஆகாத நிலையில் அதே நார்ட்டனோடு மறுபடி மோதினார் அலி. ஜோ ஃபிரேசியரோடு மூன்று முறை, யாரும் நெருங்கத் தயங்கிய ஜார்ஜ் ஃபோர்மனோடு கின்ஷாசாவில் ஒரு முறை. அலிக்கு இருந்த மனம் எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து ஒரு விளையாட்டை நடத்த முடியாது. அதற்குத்தான் விதி வேண்டியிருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இரண்டு அமைப்புகளின் சாம்பியன்கள் மோத ஒப்புக்கொண்டால், அந்தச் சண்டையும் அதன் மறுபோட்டியும் முடியும்வரை நால்வருமே கட்டாயப் போட்டிக் கெடுவை நிறுத்திவையுங்கள். காத்திருக்கும் போட்டியாளருக்கு அநியாயம் ஆகாதா என்றால், வெற்றி பெறுகிறவரோடு அடுத்த சண்டை அவருக்குத்தான் என்று எழுதிக் கொடுங்கள். ஒதுங்கி நிற்கக் காசு வாங்கியவர் பட்டியலின் கடைசிக்குப் போகட்டும். காசு கொடுத்த சாம்பியன் பட்டத்தை வைத்துவிட்டுப் போகட்டும். ஒரே எடைப் பிரிவில் ஒரே அமைப்பு இரண்டு பேரைச் சாம்பியன் என்று அழைக்கும் வழக்கத்தைச் சங்கம் முற்றாகக் கைவிடட்டும். ஒவ்வொரு பட்டச் சண்டையிலும் வீரரின் சம்பளத்திலிருந்து ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொள்கிறீர்கள். பட்டங்கள் பெருகினால் கட்டணமும் பெருகுகிறது என்பது கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வருமானம் குறையும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

இவற்றில் எதையாவது செய்ய முடியாது என்றால், ஏன் முடியாது என்பதைப் பொதுவில், உங்கள் கையெழுத்தோடு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர்,
திருப்பூர்.